தற்சார்பும் அக்கம்பக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிலைக்குமா, விலைவாசி எங்கே போய் நிற்கும், அடுத்த வெள்ளமோ தொற்றோ எப்போது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத காலம் இது. எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியலை நீட்டுகிறார்கள். அதில் முக்கால்வாசி வாங்க வேண்டிய பொருள்களாகவே இருக்கும். இங்கே பொருள்களும் வரும். ஆனால் அவற்றைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

தற்சார்பு என்றால் யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக வாழ்வதா?

இல்லை. அப்படி யாரும் வாழ்ந்ததும் இல்லை. தன் மூக்குக்கண்ணாடியைத் தானே செய்துகொள்பவரையும் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்பவரையும் எங்கே போய்த் தேடுவது? மின்சாரம், தண்ணீர், சம்பளம் என்று வழக்கமாக வந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்று திடீரென்று நின்றுபோனால், உடனே ஒடிந்துவிடாமல் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க முடிந்தால் போதும்.

அதில் முதல் சில நாட்களை வீட்டுக் கையிருப்பு பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் நீண்டால் அக்கம்பக்கத்து மனிதர்கள்தான் கரைசேர்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை வீட்டில் வைத்திருப்பவர்தான் முதல் நாளே வரிசையில் போய் நிற்காமல், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரை எட்டிப் பார்க்க முடியும்.

மனிதர்கள்தான் கரைசேர்ப்பார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

1995 ஜனவரி 17 அதிகாலை, ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுவட்டாரத்தையும் நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும்தான். தீயணைப்புப் படையும் ராணுவமும் அத்தனை இடங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வழியில்லை.

நிலநடுக்க மையத்துக்கு அருகிலேயே, அவாஜித் தீவில், ஹொக்குதான் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த தன்னார்வத் தீயணைப்புக் குழுவினருக்கு எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுத்துத் தூங்குவார்கள் என்பதுவரை தெரிந்திருந்தது. அதனால் எங்கே தோண்டுவது என்று அவர்கள் திகைத்து நிற்கவில்லை. ஏறக்குறைய 300 பேரை மீட்டார்கள். அன்று மாலைக்குள் ஊரில் ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்பது தெரிந்துவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அதே 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் கடும் வெப்ப அலை வீசியது. 700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் தனியாக, மூடிய ஜன்னல்களுக்குள் இறந்து கிடந்தார்கள். பிறகு நடந்த ஆய்வில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வறுமையும் தனித்து வாழும் முதியவர்களின் விகிதமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இருந்தது. ஒரு பகுதியில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்து போனார்கள். இரண்டு நாள் ஆளைக் காணவில்லை என்றால் யாராவது கேட்டார்கள். இன்னொன்றில் வீடுகள் காலியாகிக் கடைகள் மூடிக்கிடந்தன. வெளியே வரப் பயந்து உள்ளேயே இருந்தவர்களைத் தேடி வர ஆள் இல்லை.

நெருக்கடி முற்றினால் மக்கள் அடித்துப் பிடுங்குவார்கள் என்கிறார்களே?

சினிமாவில் அப்படித்தான் காட்டுவார்கள். 1963-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பின்னர் டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறிய அமெரிக்கப் பேரிடர் ஆய்வு மையம் இதையே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லி திரும்பத் திரும்பக் கண்டது வேறு. இயற்கைப் பேரிடரில் மக்கள் பீதியில் தறிகெட்டு ஓடுவது அபூர்வம். முதலில் உதவிக்கு வருபவர்கள் அந்த இடத்திலேயே இருப்பவர்கள்.

திருட்டே நடக்காது என்று சொல்லவில்லை. ஏற்கனவே பகையால் பிளவுபட்டுக் கிடக்கும் ஊரில் நெருக்கடி வந்தால் அந்தப் பிளவு பெரிதாகவும் செய்யும். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே எதிர்வீட்டாரின் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் முதலில் என்ன செய்வது?

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் வால்வை மூடுங்கள். ஃப்ரிட்ஜையும், மருத்துவக் கருவி ஏதேனும் இருந்தால் அதையும் தவிர மற்ற மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுநாள் மாலை ஆறு மணிவரை அப்படியே இருங்கள்.

முதல் மணி நேரத்திலேயே ஒவ்வொன்றாக வெளிவரும். வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அதுவும் துருவேறி இறுகிக் கிடக்கும். டார்ச்சைத் திறந்தால் உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். கழிவறையில் ஒருமுறை ஃப்ளஷ் செய்ய 6 லிட்டர் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது, வாளியில் மொண்டு ஊற்றும்போதுதான் உறைக்கும். இரவு பத்து மணிக்குக் கைபேசி அணைந்துவிட்டால், கட்டிய துணையின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாது. இவற்றை அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் எந்தப் பட்டியலையும்விட அந்தத் தாள் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

எத்தனை நாளுக்குக் கையிருப்பு வேண்டும்?

ஸ்வீடன் அரசு 2018-இல் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் ஒரு கையேடு அனுப்பியது. போரோ பேரிடரோ வந்தால் என்ன செய்வது என்பது பற்றிய கையேடு அது. 2024-இல் அதைப் புதுப்பித்து மறுபடியும் அனுப்பினார்கள். ஒரு வாரம் சொந்தமாகச் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்பது அவர்கள் அறிவுரை. பல நாடுகள் மூன்று நாள் என்கின்றன. முதலில் மூன்று நாளுக்குச் சேருங்கள், பிறகு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம். அதற்கு மேல் சேர்க்கும் பணத்தையும் இடத்தையும் வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

மருந்து மட்டும் விதிவிலக்கு. தினசரி மருந்து எடுப்பவர்கள் கைவசம் கூடுதல் நாட்களுக்கு வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: பெரும்பாலான வகைகள் திறந்த பிறகு அதிக வெப்பம் படாத அறையில் 28 நாள்வரை தாங்கும், ஆனால் உங்களுடையது எத்தனை நாள் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு, எப்படி?

இதைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உணவில்லாமல் பல நாள் இருந்துவிடலாம், தண்ணீரில்லாமல் முடியாது.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். கைகால் கழுவுவது, பாத்திரம், துணி எல்லாம் சேர்த்தால் இது போதவே போதாது. நிவாரண முகாம்களுக்காக உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் தர அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். அதனால் குடிக்கும் தண்ணீரை மூடியிட்ட சுத்தமான கேன்களிலும், புழங்கும் தண்ணீரைத் தனியாக வாளி, தொட்டிகளிலும் வைப்பது நல்லது. ஒரே பெரிய தொட்டியில் எல்லாவற்றையும் வைத்தால், ஒரு அழுக்குக் கை பட்டாலே மொத்தமும் கெட்டுவிடும்.

சந்தேகமான தண்ணீரைக் கொதிக்க வைப்பதே எளிய வழி. கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் மூன்று நிமிடம். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிவிட்டுக் கொதிக்கவையுங்கள். எரிபொருள் இல்லாதபோது, 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனை எதுவும் சேர்க்காத பிளீச் இருந்தால், தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி 30 நிமிடம் வையுங்கள். பிளீச் பழசாக ஆகத் தன் வீரியத்தை இழக்கும், எனவே வாங்கிய தேதியைப் புட்டியின் மேல் எழுதுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கொதிக்கவைத்தாலும் பிளீச் கலந்தாலும் கிருமிதான் சாகும். பூச்சிமருந்தோ பெட்ரோலோ கலந்த தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

உணவு?

நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் வைத்துப் புதியதைப் பின்னால் அடுக்குங்கள். விசேஷமான பொட்டலங்கள் தேவையில்லை. மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் ஏறக்குறைய 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காவிட்டால் 48 மணி நேரமும் குளிர் தாங்கும். அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடியவை சில இருக்கட்டும்.

தோட்டம் போட்டால் உணவில் தன்னிறைவு அடைந்துவிடலாமா?

மாடியிலும் பால்கனியிலும் போடும் தோட்டத்தால் முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 கலோரி வேண்டும். உலர்ந்த தானியத்தில் 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் கிடைப்பதால் அறுநூறு கிராமுக்குள் முடிந்துவிடும். இலைக்காய்கறியில் 100 கிராமுக்கு 25 கலோரிதான். அதை மட்டும் சாப்பிட்டு உயிர்வாழ நாளுக்கு எட்டு கிலோ தின்ன வேண்டியிருக்கும்.

ஆனாலும் தோட்டம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். மண் எப்போது தாகமாக இருக்கிறது, விதையை எப்படிக் காயவைத்து எடுத்துவைப்பது, இலையில் பூச்சி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் கை பழகப் பழகத்தான் வரும். நெருக்கடி வந்த பிறகு கற்க நேரம் இருக்காது. அப்புறம், அளவுக்கு மேல் காய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட இயல்பாக ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

என்ன திறன்களைக் கற்றுக்கொள்ளலாம்?

முதலுதவிதான் முதலில். ஒரு நாள் நேரடிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். பீறிடும் ரத்தத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பதும், மூச்சும் துடிப்பும் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவதும், கையால் செய்து பழகினால்தான் பதற்றத்திலும் வரும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவு மனப்பாடமாக இருக்கட்டும்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து.

இன்னொன்று, இதைத் திறன் என்று சொல்வதைவிட எச்சரிக்கை என்றே சொல்லலாம். மின்சாரம் போன நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டுவதாலும், கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பதாலும் பலர் இறக்கிறார்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம் இருக்க வேண்டும்.

மற்றபடி தையல், குழாய் பழுது, மரவேலை, சைக்கிள் பழுது என்று உங்கள் கைக்குப் பிடித்த ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருவரே கற்க வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன ஏற்பாடு?

மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகை, உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். அதிக வட்டிக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். நெட்வொர்க் இல்லாத நாளுக்காகக் கொஞ்சம் சில்லறைத் தாள்களை வீட்டில் வையுங்கள். அடையாள ஆவணங்களின் நகலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுவையுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் பேசியே பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். கூட்டம் போடுவதிலோ குழுவுக்குப் பெயர் வைப்பதிலோ தொடங்காதீர்கள். சிறிதாக ஒன்றைக் கேளுங்கள்: ஒரு ஏணி, ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. கொடுப்பதைவிடக் கேட்பதே சீக்கிரம் பழக்கமாக்கும். ஏனென்றால், நீங்கள் கேட்டுவிட்டால் அவருக்கும் நாளைக்கு உங்களிடம் கேட்கும் தைரியம் வரும். வாங்கியதைச் சொன்ன நேரத்தில், துடைத்துச் சுத்தமாகத் திருப்பிக் கொடுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வளரும்.

உங்களைச் சுற்றிப் பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர் யார், மாடிப்படி இறங்க முடியாதவர் யார், ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யார், செவிலியராகவோ எலக்ட்ரீஷியனாகவோ வேலை பார்த்தவர் யார், மரம் அறுக்கும் ரம்பம் யாரிடம் உண்டு என்பதெல்லாம் பேச்சுவாக்கில் தெரியவரும். எழுதிவைப்பதென்றால் அவரவர் சம்மதத்தோடு எழுதுங்கள். யாருக்கு என்ன நோய், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பதைப் பொதுக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழு இருப்பது நல்லதுதான். ஆனால் கைபேசிக் கோபுரம் செயலிழந்தால் அதுவும் போய்விடும். அழைப்பு போகாதபோதும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இன்ன இடத்தில் வந்து நிற்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உதவி வாங்கக் கூச்சமாக இருக்கிறதே?

பலருக்கும் உண்டு. கடன்பட்டுவிட்டோமே என்ற உறுத்தல்தான் அது. எட்கர் கான் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1980-களில் இதற்கொரு வழியாக நேர வங்கி என்ற முறையைப் பரப்பினார். அதில் ஒருவருடைய ஒரு மணி நேரம் இன்னொருவருடைய ஒரு மணி நேரத்துக்குச் சமம். அது கணக்குச் சொல்லிக்கொடுத்த நேரமா, புல் வெட்டிய நேரமா என்று பார்ப்பதில்லை. படுக்கையில் இருப்பவர்கூடத் தொலைபேசியில் ஒரு முதியவருக்குத் துணையாகப் பேசித் தன் பங்கைச் செலுத்தலாம். முறையாகக் கணக்கு எழுதாவிட்டாலும் அந்த மனப்பான்மை உதவும்: உங்களிடம் கொடுக்க ஏதோ ஒன்று நிச்சயம் இருக்கிறது.

சேர்ந்து பொருள் வாங்கினால் கடைசியில் சண்டைதான் வருகிறது. என்ன செய்வது?

பத்து வீடு சேர்ந்து ஒரு நீர் இறைக்கும் மோட்டார் வாங்கினார்கள் என்று வையுங்கள். யார் எண்ணெய் ஊற்றுவது, யார் கெடுத்தால் யார் சரிசெய்வது என்று பேசவில்லை. ஆறு மாதத்தில் அது ஒருவர் வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கும். மற்ற ஒன்பது பேர் அவரோடு பேசமாட்டார்கள்.

2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி நீர் போன்ற பொதுச் சொத்துகளைத் தலைமுறைகளாகச் சீரழியாமல் காத்துவந்த சமூகங்களை அவர் பல நாடுகளில் ஆராய்ந்தார். அவர் கண்ட பொதுக் கூறுகள் சிறு குழுவுக்கும் அப்படியே பொருந்துகின்றன. யாரெல்லாம் பங்காளிகள் என்பது தெளிவாக இருந்தது. பயன்படுத்துபவர்களே விதிகளை வகுத்தார்கள். விதி நடக்கிறதா என்று அவர்களில் சிலரே கவனித்தார்கள். மீறியவரை முதல் தடவையே வெளியேற்றவில்லை; சிறு கண்டிப்பில் தொடங்கி, திரும்பச் செய்தால் மட்டுமே கடுமை கூடியது. தகராறு வந்தால் செலவில்லாமல், உடனடியாகப் பேசித் தீர்க்க ஒரு இடம் இருந்தது.

இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் 28 பேர் சேர்ந்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில சரக்குகளோடு ஒரு கடையைத் திறந்தார்கள். நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமான ஏழைகள். முதலீடு எவ்வளவு என்று பார்க்காமல் ஆளுக்கு ஒரு ஓட்டு, கடன் கிடையாது, உபரியை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது என்ற விதிகள் முதலிலேயே எழுதப்பட்டிருந்தன. உலகக் கூட்டுறவு இயக்கம் இன்றும் அவர்களைத்தான் முன்னோடிகள் என்கிறது. மோட்டார் வாங்கும் முன் நீங்களும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று யாராவது கேட்பார்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான்.

எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. எப்படிச் சமாளிப்பது?

அந்த ஆள் நீங்களாக இருந்தால், அடுத்த மாதம் ஒரு வேலையை முழுசாக இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். அவர் உங்களைப் போல நேர்த்தியாகச் செய்யாவிட்டாலும் குறுக்கிடாதீர்கள். ஒருவர் படுத்துவிட்டால் நின்றுபோகும் ஏற்பாடு நெருக்கடியில் பயன்படாது. சாவி, பணக் கணக்கு, தொலைபேசி எண்கள் மூன்றும் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

செய்திகளைப் பார்த்தால் தூக்கமே வருவதில்லை.

செய்திக்கு நாளில் இரண்டு வேளை ஒதுக்குங்கள், மற்ற நேரம் மூடிவிடுங்கள். பயம் எழும்போது அன்றைக்கே முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலையைச் செய்யுங்கள்: இரண்டு கேன் தண்ணீர் நிரப்புவதோ ஒரு பெரியவரை நலம் விசாரிப்பதோ. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாடகை வீட்டில் இருக்கிறேன், அடிக்கடி இடம் மாறுகிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். கனமான பொருள்களைக் குறைத்துக்கொண்டு, கூடவே எடுத்துப்போகக்கூடிய திறன்களில் நேரத்தைச் செலவிடுங்கள். புது வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே தண்ணீர் வால்வு, கேஸ் வால்வு, மெயின் சுவிட்ச் எங்கே என்று பார்த்துவிடுங்கள். இருட்டில் ஒருமுறை படியிறங்கிப் பாருங்கள். இருபக்க வீடுகளிலும் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். நீங்கள் புதிதாக வந்தவர் என்பதே பேச்சைத் தொடங்க நல்ல காரணம்.

பழைய வீட்டு நட்புகளையும் விட்டுவிடாதீர்கள். உள்ளூரில் அழைப்புகள் நெரிசலில் சிக்கும்போது வெளியூருக்கு எளிதாகக் கிடைப்பதுண்டு. முன்பிருந்த ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பிரிந்துபோனால் வீட்டில் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்வது என்று முடிவு செய்து, குழந்தைகள் உட்பட எல்லோரும் அவர் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்.